தெளிகனவுக்கு எந்த வழி? லயத்து வீட்டிலிருந்து ஓர் ஒப்பீடு

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், 10 அடிக்கு 12 அடி காம்பரா (அறை) ஒன்றும் ஓர் இஸ்தோப்பும் (முன்திண்ணை) கொண்ட, வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில், நான்கு பேரோடு தூங்குகிற ஒருவர் அதிகாலை மூன்றரை மணிக்கு அலாரம் வைத்தால், அது அவரை மட்டும் எழுப்பிவிட்டு அடங்குவதில்லை. முதல் நாள் நான் வைத்தபோது அம்மா பதறி எழும்பி, "ஏன்டா தம்பி, பெரட்டுக்கு நேரமாயிருச்சா?" என்று கேட்டார். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது; அவர் ஓய்வுபெற்று ஆறு வருடங்கள் ஆகின்றன. சுவருக்கு அந்தப் பக்கத்தில் அடுத்த வீட்டுக் குழந்தை அழத் தொடங்கியது. தெளிகனவு பழகுவதற்கு எழுதப்படும் வழிகாட்டிகள் தனி அறையும், விடிந்த பிறகும் தூங்கக்கூடிய வேலையும் உள்ள ஒருவரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் மச்சான், "எல்லாத்தையும் பார்த்துட்டு எது நமக்குச் சரிவரும்னு சொல்லுங்க" என்று கேட்டதால், கடந்த ஒரு வருடமாக நான் வாசித்தவற்றையும் முயன்றவற்றையும் இங்கே ஒப்பிடுகிறேன். ஒரு முறை எத்தனை இரவுகளில் பலன் தருகிறது என்பதோடு, நம்முடைய தூக்கத்திலும் பிறருடைய தூக்கத்திலும் எவ்வளவைப் பிடுங்கிக்கொள்கிறது என்பதையும் சேர்த்தே அளக்கிறேன்.

கனவு நடந்துகொண்டிருக்கும்போதே 'இது கனவு' என்று அறிவதைத்தான் தெளிகனவு என்கிறோம். லூசிட் ட்ரீம் என்ற பெயர் 1913இல் நெதர்லாந்து மனநல மருத்துவர் ஃபிரெடெரிக் ஃபன் ஈடனின் கட்டுரையால் பரவியது. நம் சைவ மரபில் சாக்கிரம் (விழிப்பு), சொப்பனம் (கனவு), சுழுத்தி (ஆழ்ந்த தூக்கம்) என்று அவத்தைகளை, அதாவது நிலைகளை, எண்ணிச் சொல்லும் பழக்கம் உண்டு. அந்தச் சொற்களில் சொல்வதானால், சொப்பனத்துக்குள் சாக்கிரத்தின் ஓர் இழை விழித்திருப்பதே தெளிகனவு. இது வெறும் பேச்சல்ல என்பதை 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் பதிவு செய்தார். கனவுத் தூக்கத்தில் உடலின் தசைகள் தளர்ந்து கிடந்தாலும் கண்கள் அசையும் என்பதால், முன்கூட்டியே ஒத்துக்கொண்டபடி கனவுக்குள்ளிருந்து கண்களை இடமும் வலமுமாக அசைத்து அடையாளம் காட்டும்படி அவர் ஒருவரைக் கேட்டிருந்தார். சில வருடங்களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லபேர்ஜ் தனியாக அதே முடிவை அடைந்து 1981இல் வெளியிட்டார். 2021இல் நான்கு நாடுகளின் ஆய்வுகூடங்கள், கனவில் இருப்பவரிடம் எளிய கணக்கைக் கேட்டு, கண்ணசைவால் சரியான விடையைப் பெற்றும் காட்டியுள்ளன.

எந்த முறையை எடுத்தாலும் அதன் கீழே இருப்பது ஒரே நேரக்கணக்குதான். தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. துலக்கமான கனவுகள் மிகுதியாக வரும் விரைவு விழியசைவுக் கட்டம் (கனவுக் கட்டம்) முதல் சுற்றுகளில் சில நிமிடங்களே நீடித்து, விடியலை நெருங்க நெருங்க நீளுகிறது. இரவு ஒன்பதரைக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழும்புகிறவருக்கு மிக வளமான கனவு நேரம் மூன்று மணிக்குப் பின்னரே வருகிறது. அதாவது தோட்டத்தில் அடுப்பு மூட்டுவதற்குச் சற்று முன்பு. ஐந்தரைக்குப் பஸ் பிடிக்க வேண்டிய ஒருவர் இழப்பது தூக்கத்தின் கடைசித் துண்டை மட்டும் என்று தோன்றலாம். உண்மையில் அவர் கனவின் பெரும்பங்கை இழக்கிறார்.

முதல் வழி, பகலில் சோதித்துப் பார்ப்பது. ஜேர்மனிய உளவியலாளர் பவுல் தோலே வலியுறுத்திய இந்த முறையில், ஒரு நாளில் பல தடவை 'நான் இப்போது கனவு காண்கிறேனா?' என்று உண்மையாகவே ஐயப்பட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சு விட முயல வேண்டும், அல்லது ஓர் எழுத்தை வாசித்துக் கண்ணை எடுத்து மறுபடி வாசிக்க வேண்டும். கனவில் பொத்திய மூக்கின் வழியாகவும் மூச்சு வரும், எழுத்துகள் மாறிவிடும். மும்மொழியிலும் எழுதிய பஸ் பலகைகள் நம் ஊரில் இதற்கு நல்ல வசதி. ஆனால் நடுப்பகலில் பனிமூட்டம் இறங்கி எதிரே நிற்கும் மரமும் மறையும் இந்த மலையில், 'சூழல் விசித்திரமாக இருக்கிறதா' என்று கேட்பது சோதனையாகாது; அப்படிப் பார்த்தால் நானுஓயா பாதையில் வருடத்தில் பாதி நாள் கனவாகவே போய்விடும். இந்த முறைக்கு ஒரு நிமிடத் தூக்கமும் செலவில்லை, யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. குறை என்னவென்றால், அவுஸ்திரேலியாவில் டென்ஹோம் ஆஸ்பி 2017இல் வெளியிட்ட ஆய்வில் இதை மட்டும் செய்தவர்களிடம் குறிப்பிடத்தக்க உயர்வு காணப்படவில்லை. எனக்கும் இரண்டு மாதங்களில் ஒரு தடவைகூட வாய்க்கவில்லை. பாடசாலையில் மூக்கைப் பொத்தியபடி நின்ற ஆசிரியரைப் பார்த்து ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்ததுதான் மிச்சம்.

இரண்டாவது வழி லபேர்ஜ் வகுத்த நினைவு முறை. இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதுவரை பார்த்தவற்றில் ஆதாரமும் எளிமையும் ஒன்றாகக் கூடிய முறை இதுவே. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் தூங்கிய பின் எழும்பி, சற்றுமுன் கண்ட கனவை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். பின்பு, 'அடுத்த தடவை கனவு காணும்போது, இது கனவு என்பதை நினைவுகொள்வேன்' என்ற வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே, அதே கனவுக்குள் மறுபடி நிற்பதாகவும் அங்கே ஏதோ ஒரு பொருத்தமின்மையைக் கண்டு விழித்துக்கொள்வதாகவும் கற்பனை செய்தபடி தூங்கிவிட வேண்டும். ஐந்து மணிக்குக் கடைக்குப் போகும்போது சீனி வாங்க மறக்கக் கூடாது என்று நினைத்துக்கொள்கிறோமே, அதே திறமைதான். கடைக்குப் பதிலாகக் கனவு. ஆஸ்பியின் ஆய்வில் பகல் சோதனை, இடைவிழிப்பு (தூக்கத்தின் நடுவே எழும்புவது), நினைவு முறை ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்தவர்கள் ஒரு வாரத்தில் ஏறத்தாழ 17 சதவீத முயற்சிகளில் வெற்றி கண்டார்கள். முறையை முடித்த ஐந்து நிமிடங்களுக்குள் தூங்கிவிட்டவர்களிடம் அது 46 சதவீதத்தை நெருங்கியது.

அந்த இரண்டாவது எண்ணைக் கண்டு மயங்கி நான் மூன்று வாரங்களை வீணாக்கினேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி தூங்கிவிட வேண்டும் என்று கட்டளையிட்டால் தூக்கம் வராது. அதுவும் ஜனவரியில், கம்பளியை விட்டு இறங்கி இஸ்தோப்பில் பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்தால், உடல் சூடேறவே அரை மணி ஆகிவிடும். இதற்கு உடலியல் காரணமும் உண்டு: கனவுக் கட்டத்தில் உடல் தன் வெப்பத்தை ஒழுங்குபடுத்தும் திறனை வெகுவாகத் தளர்த்திக்கொள்கிறது, நடுக்கம்கூட வருவதில்லை, ஆகவே குளிர்ந்த உடல் அந்தக் கட்டத்துக்குள் எளிதில் போக மறுக்கிறது. கட்டிலைவிட்டு இறங்கி அரை மணி நேரம் புத்தகம் வாசியுங்கள் என்ற அறிவுரை கொழும்பில் இருப்பவருக்குப் பொருந்தலாம். 1,800 மீற்றருக்கு மேல் இருக்கும் நுவரெலியாப் பக்கத்தில், போர்வைக்குள்ளேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்து பத்து நிமிடம் விழித்திருந்தால் போதும் என்பது என் முடிவு. மேலும், இந்த எண்கள் எல்லாம் தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள், தங்கள் வீட்டில் தூங்கி, தாங்களே எழுதிக் கொடுத்த விவரங்கள். தோட்டத்துக் காம்பராவில் அதே எண் கிடைக்கும் என்று நான் யாருக்கும் உறுதி கூறமாட்டேன்.

இதே இடைவிழிப்பைப் பயன்படுத்தும் இன்னொரு முறை, வாக்கியத்துக்குப் பதிலாக மூடிய கண்ணின் இருட்டையும், காதில் விழும் ஒலியையும், உடலின் உணர்வையும் மாறிமாறிச் சில நொடிகள் கவனித்துவிட்டுத் தூங்கச் சொல்கிறது. 2020இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு, அதாவது ஆறு இரவுகளுக்கு ஒன்று என்ற கணக்கில் பலன் தந்தன. வாக்கியத்தை மறுபடி மறுபடி சொன்னால் எரிச்சல் வருகிறவர் இதை எடுக்கலாம். தகரக் கூரையில் மழை விழும் இரவுகளில் கேட்பதற்கு ஒலிக்குப் பஞ்சமில்லை.

விழிப்பிலிருந்து நேராகக் கனவுக்குள் இறங்கும் வழி இணையத்தில் அதிகம் புகழப்படுகிறது. உடலை அசைக்காமல், மனத்தை மட்டும் விழிக்க வைத்துக்கொண்டு, கண்ணுக்குள் தோன்றும் உருவங்கள் ஒரு காட்சியாகக் கூடும்வரை காத்திருக்க வேண்டும். வெற்றி கிடைத்தால் முதல் நொடியிலிருந்தே தெளிவு இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் மனம் விழித்திருக்கும்போதே உடலின் தசைத் தளர்ச்சி தொடங்கிவிட்டால், கையைக் காலை அசைக்க முடியாமல், நெஞ்சில் யாரோ ஏறி அமர்ந்ததுபோலத் தோன்றும். என் அம்மாயி இதை 'அமுக்குவான்' என்பார். தலையணைக்கடியில் இரும்பு வைத்துப் படுத்தால் வராது என்று கத்தி ஒன்றை வைத்திருப்பார். அது தூக்க முடக்கம், சில நொடிகளில் அல்லது நிமிடங்களில் தானாக விலகும், உயிருக்குக் கேடில்லை என்று தெரிந்தவருக்கும் அந்த நொடிகளில் பயம் வரும். எனக்கு ஒரு தடவை வந்தபோது, தொண்டையில் குரல் எழாமல் கிடந்தேன், பக்கத்தில் தம்பி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். சிறுவயதிலிருந்து பேய்க்கதை கேட்டு வளர்ந்த பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குளிசையைப் (மாத்திரையைப்) பற்றி மச்சான்தான் முதலில் கேட்டார். கலந்தமைன் என்ற மருந்து, அல்சைமர் மறதி நோய்க்குக் கொடுக்கப்படுவது. மூளையில் அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சிதையாமல் தடுத்து, கனவுக் கட்டத்தை வலுப்படுத்துகிறது. 2018இல் லபேர்ஜும் அவரது குழுவினரும் 121 பேரிடம் செய்த ஆய்வில், மருந்தில்லாத போலிக் குளிசை எடுத்த இரவில் 14 சதவீதத்தினருக்கும், 4 மில்லிகிராம் எடுத்தபோது 27 சதவீதத்தினருக்கும், 8 மில்லிகிராம் எடுத்தபோது 42 சதவீதத்தினருக்கும் தெளிகனவு வந்தது. எண் கவர்ச்சியானது. ஆனால் அவர்கள் அனைவரும் நாலரை மணி நேரம் தூங்கி எழும்பி, அரை மணி நேரம் கட்டிலை விட்டு விலகி இருந்து, பின்பு நினைவு முறையையும் செய்தே படுத்தார்கள். குளிசை அலாரத்தின் வேலையை நமக்கு மிச்சப்படுத்துவதில்லை. குமட்டலும் வாந்தியும் அதன் அறிந்த பக்கவிளைவுகள், இதயத் துடிப்பை அது குறைக்கவும் கூடும். வைத்தியர் எழுதித் தர வேண்டிய மருந்தைப் பொழுதுபோக்குக்காக இணையத்தில் வாங்குவது, அதுவும் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போக முச்சக்கரவண்டி தேட வேண்டிய இடத்தில் இருந்துகொண்டு வாங்குவது, எந்தக் கணக்கிலும் சேராது. கனவுக் கட்டத்தை உணர்ந்து கண்ணிமையில் சிவப்பு ஒளியைச் சிமிட்டும் முகமூடிகளும் 1990களிலிருந்து விற்கப்படுகின்றன. அந்த ஒளி கனவுக்குள் வாகன விளக்காகவோ தீயாகவோ உருமாறி வரும்போது அதை அடையாளம் காண்பதற்கும் பயிற்சி வேண்டும் என்பதால், நான் அதற்குப் பணம் செலவிடவில்லை.

ஒருவர் தெளிகனவைத் தேடுவதன் நோக்கம் கெட்ட கனவிலிருந்து தப்புவதானால், ஒப்பீடே மாறிவிடுகிறது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களின் மேல் மலை சரிந்த பிறகு, சரிவுகளில் வாழும் நம்மில் பலருக்கு, கன மழை பெய்யும் இரவில் மண் நகரும் கனவு வருவது புதிய செய்தியல்ல. என் வகுப்பிலேயே அப்படிச் சொன்ன பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கனவுக்குள் விழித்துக்கொள்ளக் கற்றுக்கொடுப்பதைவிட எளிதான வழி ஒன்று உண்டு. பகலில் உட்கார்ந்து அந்தக் கனவை எழுதி, விரும்பியபடி அதன் போக்கை மாற்றி, மாற்றிய கதையைத் தினமும் சில நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்ப்பதே அது. கற்பனை ஒத்திகை எனப்படும் இந்தச் சிகிச்சையை, வன்முறைக்குள்ளான 168 பெண்களிடம் சோதித்து பலன் கண்ட ஆய்வை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகை 2001இல் வெளியிட்டது. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகமும் இதைப் பரிந்துரைக்கிறது. இதற்கு அலாரம் வேண்டாம், இடைவிழிப்பு வேண்டாம். கனவு தொடர்ந்து தூக்கத்தைக் கெடுத்தால் வைத்தியரிடம் போவதே முறை. மழைக் காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை வந்திருக்கும் இரவானால், எந்தக் கனவுப் பயிற்சியும் இன்றி வீட்டை விட்டு இறங்குவதே வழி என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இனி மச்சானின் கேள்வி. பகலில் கொய்த கொழுந்து மாலையிலிருந்து வாட்டப்பட்டு, நள்ளிரவுக்குப் பின் உருட்டலுக்குப் போவதால், தொழிற்சாலையில் அவருடைய வேலை மற்றவர்கள் தூங்கும் நேரத்தில் நடக்கிறது. அவர் காலை ஏழு மணிக்குப் படுக்கிறார். கனவுக் கட்டம் தூங்கிய நேரத்தின் அளவை மட்டும் பார்த்து வருவதில்லை, உடலின் உள்மணிக்கூட்டையும் பார்த்து வருகிறது. அந்த மணிக்கூடு விடியற்காலையிலும் காலையிலும் அதற்கு மிகச் சாதகமாக இருக்கிறது. ஆகவே அவர் படுத்த சிறிது நேரத்திலேயே கனவுக் கட்டத்துக்குள் போகிறார். நமக்கு அலாரம் செய்யும் வேலையை அவருக்கு இரவு வேலையே செய்துவிடுகிறது. படுக்கும்போதே நினைவு வாக்கியத்தைச் சொல்லிக்கொள்ளட்டும் என்று அவருக்குச் சொன்னேன். ஆனால் பகல் தூக்கம் பிள்ளைகளின் சத்தத்திலும் வானொலியிலும் ஏற்கெனவே நைந்துபோனது. அதை வேண்டுமென்றே இன்னொரு தடவை உடைக்கும் எந்த முறையும், உருட்டும் இயந்திரத்தின் முன் இரவில் நிற்கும் ஒருவருக்கு ஆபத்து. மனப்பிறழ்வுக்குச் சிகிச்சை பெறுகிறவரும், நடந்ததா கனவா என்று ஏற்கெனவே குழம்புகிறவரும் இதில் எதையும் வைத்தியரைக் கேட்காமல் தொடக் கூடாது.

எல்லாரும், எந்த முறைக்கும் முன்பே, செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று கனவுக் கொப்பி: கண் விழித்ததும் அசையாமல் கிடந்து, நினைவில் நிற்பதை நாலைந்து சொற்களில் குறித்துவிட வேண்டும். கைத்தொலைபேசி வெளிச்சம் மற்றவர்களை எழுப்பும் என்பதால், நான் இருட்டில் பென்சிலால் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். காலையில் அதை வாசிப்பது தனிக் கலை. கனவு நினைவில் நிற்காதவருக்கு அதில் தெளிவு வந்திருந்தாலும் பயனில்லை. மற்றது, மாலைக்குப் பின் பிளேன்டியை (பால் சேர்க்காத தேநீரை) குறைப்பது. கஃபீனில் பாதி உடலை விட்டுப் போக ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. உலகத்துக்குத் தேயிலை அனுப்பும் ஊரில் இதைச் சொல்வது எளிதல்ல என்று எனக்குத் தெரியும்.

எனவே என் தேர்வு நினைவு முறைதான். கிழமை நாட்களில் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும், பாடசாலை மூடும் போயா (பௌர்ணமி) தினமும் மட்டும், மாதத்தில் ஐந்தாறு முயற்சிகள். ஒரு வருடத்தில் மூன்று தடவை வாய்த்தது. கடைசித் தடவை பீலிக்கரையில், அதாவது தண்ணீர் பிடிக்கும் இடத்தில், நின்றேன். தண்ணீர் கீழிருந்து மேலே ஏறுவதைக் கண்டதும் புரிந்துகொண்டு, பத்து நொடி கூடத் தாங்காமல் சிரித்தே எழும்பிவிட்டேன்.

அலாரத்தையும் விட்டுவிட்டேன். ஓய்வுபெற்ற பிறகும் அம்மா நாலு மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டுகிறார்; விறகு முறியும் சத்தம் கேட்டால் எனக்கு விழிப்பு வந்துவிடும், வேறு யாருக்கும் வராது. அவர் புகையோடு போராடும்போது நான் கனவுக்குத் திரும்புவது நியாயமா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம் என்பதால், அந்த நாட்களில் ரொட்டி தட்டுவதும் சம்பல் இடிப்பதும் என் பொறுப்பாயிற்று. போர்வைக்குள் அந்த வாக்கியத்தை நான் சற்று உரக்கச் சொல்லிவிடுவதுண்டு. "விடியிறதுக்குள்ள என்னடா முணுமுணுப்பு, பேசாம தூங்கு" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுவேன்.